நெஞ்சில் நின்ற கவளம்

பாலமுனையில் ஒரு கலியாண வீடு. சமையல் என்னுடையது. விருந்தாளிகள் எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு எங்கள் ஆட்களுக்கென்று ஒரு சஹன் வைத்தார்கள். அந்தப் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிஸ்மி சொல்லிக் கைவைத்தோம். எனக்கு முதல் கவளமே நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. மேலே வரவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. தண்ணீர் குடித்தேன்; தண்ணீரும் திரும்பி வந்தது. எழும்பி மதிலோரம் போய்த் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவன் மாதிரி வந்தேன்.

அது அன்றைக்குத் தொடங்கியதல்ல. சில மாதங்களாகவே பாண் ரொட்டியின் கரை நெஞ்சில் நின்றது, பிறகு இறைச்சி நின்றது. நான் சோற்றை ஆணத்தில் ஊறவைத்துப் பிசைந்து விழுங்கப் பழகியிருந்தேன். நோன்பு மாதம் வசதியாகப் போயிற்று. எல்லோரும் கஞ்சி குடிக்கும்போது என் கஞ்சியை யார் கவனிக்கப்போகிறார்கள்? எந்த நோய் இப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். அதன் பெயரை மனதுக்குள்கூடச் சொல்லாமல் இருந்தால் அது என்னை விட்டுப் போய்விடும் என்று நினைத்தேன்போல.

மனைவியிடம் அந்த மறைப்பு செல்லவில்லை.

"இஞ்சருங்க, ஒங்களுக்கு என்ன செய்யிது?"

"ஒண்டுமில்ல புள்ள. வாய்வு."

"வாய்வெண்டா பாணும் இறங்காதா? நானும் பாத்திட்டுத்தான் இரிக்கன். சாரனும் இடுப்புல நிக்கிதில்ல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற."

"நாளைக்கு ஒரு வேல இரிக்கி."

"வேலயும் மண்ணாங்கட்டியும்! இதச் சொல்லி முடிச்சிட்டன்."

டொக்டர் வயதில் எங்கள் மகளைப்போல ஒரு பெண். அவசரப்படாமல் கேட்டார்.

"வெத்தில போடுவீங்களா?"

"ஓம்."

"பொயிலயோடயா? எவ்வளவு காலமா?"

"ஓம் டொக்டர். கலியாணம் முடிச்ச காலத்தில இருந்து."

"அதுக்கு முதலே," என்றாள் மனைவி.

"குடிக்கிற பழக்கம்?"

"அஸ்தஃபிருல்லாஹ்!" இதற்கும் அவளே முந்திக்கொண்டாள். டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, தேத்தண்ணி எப்படிக் குடிப்பீங்க? ஆறவெச்சா, சூடாகவா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "கொதிக்கக் கொதிக்க," என்றாள் மனைவி. "நான் ஊத்தி வெச்சிட்டுத் திரும்புறதுக்குள்ள கோப்ப வெறுமையா இரிக்கும்."

பிறகு நானே மிச்சத்தைச் சொன்னேன். கொதிக்கிற கிடாரத்திலிருந்து அகப்பையால் அள்ளி, உள்ளங்கையில் விட்டு, அப்படியே உறிஞ்சித்தான் உப்புப் பார்ப்பேன். வேலை நாளில் விடிந்ததிலிருந்து விறகுப் புகைக்குள் நிற்பேன். வாயில் வெற்றிலை இருக்கும், வயிற்றில் ஒன்றும் இருக்காது. எல்லாம் முடிந்த பிறகு சோறும் இறைச்சியும். மரக்கறி, பழம் எல்லாம் மற்றவர்களுக்கு வெட்டி வைப்பதோடு சரி.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு விளங்கப்படுத்தினார். உணவுக்குழாயின் உள்தோல் மெல்லியது. நாள்தோறும் சுட்டால் புண்ணாகும். அந்தப் புண்ணின்மேல் பாக்கும் புகையிலையும் கலந்த சாறு இறங்கும், புகையும் சேரும். ஆற்றுவதற்கு உதவுகிற பழமும் கீரையும் உள்ளே போவதில்லை.

"இதெல்லாம் இருக்கிற எல்லாருக்கும் புற்றுநோய் வரும் எண்டு இல்ல. ஆனா அது வாறதுக்கு நீங்க கதவத் திறந்து வெச்சிருக்கீங்க. கெமரா விட்டுப் பார்த்தாத்தான் என்ன எண்டு சொல்லலாம்."

கெமரா விடும் நாளில் என் பக்கத்து வாங்கில் திருக்கோவில் பக்கத்து விவசாயி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய பல்லிலும் என் பல்லில் இருந்த அதே சிவப்பு. வேளாண்மையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

"தம்பிக்கும் இறங்குதில்லையோ?"

"ஓம் அண்ணன். இறைச்சி நிக்கிது."

"எனக்கு இப்ப கஞ்சியும் நிக்கிது."

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

தொண்டையில் கசப்பான மருந்தை அடித்து மரக்கவைத்துவிட்டுக் குழாயை விழுங்கச் சொன்னார்கள். கண்ணீர் ஓடியது. அடிப்பக்கத்தில் உணவுக்குழாய் ஒடுங்கி, புண்ணாக இருக்கிறது என்றார்கள். சோதனைக்குச் சிறு துண்டு எடுத்தார்கள். முடிவு வரும்வரை நான் ஒரு சமையலும் ஏற்கவில்லை. வெற்றிலைத் தட்டத்தை மனைவி எங்கே ஒளித்தாள் என்று நான் கேட்கவும் இல்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர் முதலில் என் மனைவியைத்தான் பார்த்தார்.

"புற்றுநோய் இல்ல."

"இன்னொருக்காச் சொல்லுங்க டொக்டர்."

"இல்லம்மா. வயித்துப் புளிப்பு மேல வந்து வந்து புண்ணாகி ஒடுங்கியிருக்கு. குளிசை இருக்கு. ஒடுக்கத்த விரிச்சு விடலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா நீங்க பழையபடி சுட்டுக்கொண்டும் மெண்டுகொண்டும் இருந்தா, அடுத்த முறை நான் இப்படிச் சொல்ல ஏலாமப் போகலாம்."

வெளியே வந்ததும், இத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத என் மனைவி, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் மண்ணில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். நானோ நின்று சிரித்தேன். போகிறவர்கள் எங்களில் யாருக்கு நோய் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த கிளினிக்கில் அந்த விவசாயியைக் கண்டேன். அவருக்கு வந்த முடிவு வேறு. என்னுடையதைக் கேட்டார், வாய் கூசக் கூசச் சொன்னேன்.

"அதுக்கென்ன தம்பி, சந்தோசப்படுங்க. ஒராளுக்காவது நல்லதாச் சொன்னாங்களே," என்று என் கையைப் பிடித்தார். சிகிச்சை தொடங்கிய பிறகு தொலைபேசியில், கஞ்சி இறங்குகிறது என்று சொன்னார். அந்தக் குரலைக் கேட்டு அன்று முழுக்க எனக்கு மனம் லேசாக இருந்தது.

வெற்றிலையை விட்ட முதல் வாரங்கள் கொடுமை. சும்மா இருந்த வாய்க்கு ஏலக்காயைக் கொடுத்து ஏமாற்றினேன். இப்போது உப்புப் பார்க்க ஆணத்தைச் சின்னக் கோப்பையில் ஊற்றி ஆறவைக்கிறேன். அடுப்பு மூட்டுமுன் கடற்காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, புகை என்மேல் வராத பக்கம் நிற்கிறேன். தேத்தண்ணியை மனைவி உடனே கையில் தருவதில்லை. தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை முழுக்கச் சொல்லி முடித்துத்தான் தருவாள். முருங்கைக்கீரை இல்லாத நாள் எங்கள் வீட்டில் இல்லை.

உணவுக்குழாயை விரித்துவிட்டுப் பிறகு மீண்டும் கெமரா விட்டுப் பார்த்தார்கள். புண் ஆறியிருந்தது. வீட்டுக்கு வந்து நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுப் பாயில் சாய்ந்தவன், பிற்பகல் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை அசையாமல் தூங்கினேன். மனைவி என்னை எழுப்பவேயில்லை.