காதுகுத்து பேனரில் மோட்டார் நம்பர்

இதை எழுதாமலே விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். போதாததற்கு என் போன் திரையில் கீழ் மூலை செத்து ஒரு வருஷம் ஆகிறது. அந்த மூலையில் இருக்கும் எழுத்து வேண்டுமானால் போனைக் குறுக்கே படுக்கவைத்து அடிக்க வேண்டும். ஒரு பக்கம் முடிவதற்குள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். ஆனால் என் சொந்தக்காரர்கள் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். அதில் ஒரு கதையில் எனக்கு ரகசியமாகக் கல்யாணமே ஆகியிருக்கிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் தக்காளிக் கொல்லையில் போர் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறோம். சுவரில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு சிம். அந்த நம்பருக்கு அடித்தால் பெட்டியே போனை எடுத்து, பெண் குரலில் "மோட்டார் ஓடுகிறது" என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். இன்னொரு தடவை அடித்தால் "மோட்டார் நின்றது". வேறு பேச்சே கிடையாது. வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மோட்டாரைப் போடுகிற சுகம் இருக்கிறதே! முதல் வாரம் சும்மாவே போட்டுப் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு அந்தக் குரல் மேல் பெரிய மரியாதை. அது பேசி முடித்ததும் "சரிம்மா, வெச்சர்றேன்" என்பார்.

"எம் புள்ளைங்கள்ல சொன்ன பேச்சு கேக்கறது இது ஒண்ணுதான்" என்று என்னைப் பார்த்து வேறு சொல்வார்.

"அப்ப அதுக்கும் ஒரு வரன் பாருங்கப்பா, வயசாவுதில்ல" என்பேன். தோளில் கிடக்கும் துண்டு பறந்து வரும்.

வீட்டு நம்பர்களிலிருந்து அடித்தால் மட்டும் எடுக்கும்படி பெட்டிக்குப் பூட்டுப் போடலாம். அப்பா விடவில்லை. அவர் போனில் சார்ஜ் இருந்தால் ரீசார்ஜ் இருக்காது, ரீசார்ஜ் இருந்தால் சார்ஜ் இருக்காது. டீக்கடையில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் போனை வாங்கித்தான் மோட்டார் போடுவார். ஆக, உலகத்தில் யார் அடித்தாலும் எங்கள் மோட்டார் ஓடும்.

பெட்டிக்குள் இருப்பது என்னுடைய பழைய சிம். புது நம்பர் வாங்கியபோது பழையதை வீணாக்குவானேன் என்று நானேதான் அதை உள்ளே செருகினேன். வாட்ஸ்அப்பை மட்டும் மாற்றச் சோம்பல்பட்டுப் பழைய நம்பரிலேயே விட்டுவிட்டேன். அந்த நம்பருக்கு மெசேஜ் போட்டால் எனக்கு வரும். போன் அடித்தால் மோட்டார் ஓடும்.

போன கோடையில் என் அக்கா பையனுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். எங்கள் பக்கம் தாய்மாமனுக்குப் பேனர் இல்லாவிட்டால் அது காதுகுத்துக் கணக்கிலேயே சேராது. பாப்பாரப்பட்டியில் பேனர் அடிக்கும் கடையில் என் கூட்டாளி வேலை செய்கிறான். கம்ப்யூட்டரில் என் தலைமுடியை அடர்த்தியாக்கி, நிறத்தை ஏற்றி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, எனக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிங்கத்தை நிறுத்தினான். கீழே என் முகத்தை விடப் பெரிதாக ஒரு நம்பர். விசேஷத்தன்று விடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் அதைக் கட்டினோம். நான் சிங்கங்களைத்தான் பார்த்தேன். நம்பரைப் பார்க்கவில்லை. அவன் தன் போனில் என் பெயருக்கு நேரே இருந்த பழைய நம்பரை அப்படியே எடுத்துப் போட்டிருந்தான்.

கோயில் மண்டபத்தில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய மருமகன் என் மடியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு காதும் குத்தி முடியும்வரை மாமன் மடியை விட்டுப் பிள்ளை இறங்கக்கூடாது. மாமனும் எழக்கூடாது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது கம்பைநல்லூர் அத்தை வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"ஏன்டா, வழி கேக்கலாம்னு பேனர்ல இருக்கற நம்பருக்கு அடிச்சா எவளோ ஒரு பொண்ணு எடுக்கறா. நான் பேசறதுக்குள்ள என்னமோ சொல்லிட்டு வெச்சர்றா. யாருடா அவ?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"எனக்கும் அப்பிடித்தாம்மா" என்றார் பின்னாலேயே வந்த பெரியப்பா. "மூணு தடவ அடிச்சேன். ஒரு 'வாங்க'ன்னு சொல்லக்கூட அதுக்கு வாயில்ல. வூட்டுக்கு மருமவளா வந்தா நம்மள எங்க மதிக்கப்போவுது?"

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மோட்டாருக்குக் கரண்டு வரும் நேரம் அது. கோடையில் எங்கள் போரில் முக்கால் மணி நேரத்துக்குத்தான் தண்ணீர். அதற்கு மேல் ஓடினால் மோட்டார் காற்றை இழுத்து, உள்ளே இருக்கும் செம்புக்கம்பிக் காயில் கருகிவிடும். அதற்கு முந்தின கோடையில் அப்படித்தான் கருகியது. தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்க எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளில் பாதித் தக்காளி நின்ற இடத்திலேயே சருகானது. இப்போதும் தக்காளி பூவும் பிஞ்சுமாக நின்றுகொண்டிருந்தது.

ஒரு கையால் மருமகனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மோட்டாருக்கு அடித்தேன். லைன் பிஸி. எந்தச் சித்தியோ பேசிக்கொண்டிருக்கிறார். மறுபடி அடித்தேன். "மோட்டார் ஓடுகிறது" என்றாள். அட பாவமே, நின்றுகொண்டிருந்ததை நானே போட்டுவிட்டேன்! நிறுத்தலாமென்று அடித்தால் திரும்பவும் பிஸி. இனி அது ஓடுகிறதா நிற்கிறதா என்று அந்த ஆண்டவனுக்கும் தெரியாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா என் காதருகே குனிந்தார். குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"எந்த ஊரு புள்ளடா?"

"நம்ம ஊருதாம்பா. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச புள்ள. தெனமும் நீங்களே பேசறீங்க."

அப்பா தினமும் பேசுகிற பெண்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

கூட்டாளி பந்தியில் உட்கார்ந்திருந்தான். கண்ணைக் காட்டி வரவழைத்தேன்.

"டேய், எங்க கொல்லிக்கு ஓடு. மோட்டார் ரூம்ல பீஸ் கட்டையப் புடுங்கு."

"இப்பத்தான்டா எலையில சோறு போட்டாங்க!"

"பேனர்ல அந்த நம்பரப் போட்டது யாருடா?"

"சிங்கத்தப் போட்டதும் நாந்தான். அதுக்கு ஒரு வார்த்த நல்லாருக்குதுன்னு சொன்னியா?"

முனகிக்கொண்டே கையில் வடையோடு பைக்கை எடுத்தான். ஆசாரி முதல் காதைக் குத்தினார். மருமகன் போட்ட கூச்சலில் மேளமே ஒரு நொடி நின்றது. என் கையைக் கவ்விக்கொண்டு விடவில்லை. இரண்டாவது காதுக்கு நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இதற்கு நடுவே வாசலில் வந்து இறங்கிய ஒவ்வொருவரும் "யாரு அந்தப் பொண்ணு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். எனக்கு அது ஒவ்வொன்றும் ஒரு சுவிட்ச் தட்டுகிற சத்தமாகவே கேட்டது.

ஒரு வழியாக இரண்டு காதும் முடிந்தது. கடிபட்ட கையை உதறிவிட்டு, கூட்டாளிக்கு வாட்ஸ்அப்பில் அடித்தேன்: "ஓடுதா, நிக்குதா?"

பதில் உடனே வந்தது: "நின்னுட்டுத்தான்டா இருந்துச்சு, அதச் சொல்லலாம்னு ஒனக்குப் போன் அடிச்சேன், இப்ப ஓடுது."