கொள்ளி வைக்க மறுத்த மகன்

போன வாரம் என்னைத் தூது அனுப்பினார்கள். லண்டனில் நோர்பரியிலிருந்து பார்க்கிங் என்ற இடத்திற்கு. ரயிலில் போகும்போது எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். என் நண்பர் பொன்னுத்துரை காலமாகிவிட்டார். மாரடைப்பு. திருநீறு பூசாமல் தேத்தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். இரண்டு மகன்கள். மூத்தவன் யோகன், பார்க்கிங்கில் பிளம்பர். இளையவன் சேகர், நோர்பரியில் கடை வைத்திருக்கிறான். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்த மகன். அது எங்கள் வழக்கம்.

யோகன் மாட்டேன் என்றுவிட்டான்.

அவன் கிறிஸ்தவன். லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தான். விசா கிடைக்காமல், செத்துவிடலாம் என்று முடிவெடுத்திருந்த நாளில் ஒரு சபைக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாராம். அன்றிலிருந்து அவன் அந்தப் பக்கம்.

ஆனால் தாய் தகப்பனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவனும் அவன்தான். வெள்ளிக்கிழமைகளில் தகப்பனைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை காருக்குள் காத்திருப்பான். உள்ளே போகமாட்டான். அவரும் கூப்பிடமாட்டார். உயிரோடு இருந்தவரை அந்த இரண்டு பேருக்கும் கடவுளால் சண்டை வந்ததில்லை. சாவு வந்துதான் எல்லாவற்றையும் குழப்பியது.

"ஊரிலை சண்டையாலை பாதை பூட்டிக் கிடக்குது. சொந்தக்காரர் ஒருத்தரும் வரேலாது. இங்கை இருக்கிற பிள்ளையும் ஏலாதெண்டால் என்ன செய்யிறது? நீங்கள் சொன்னால் கேப்பான் மாமா" என்றான் சேகர்.

போனேன். முன் அறையில் தாய் சுவரைப் பார்த்தபடி இருந்தா. யோகன் குசினிக்குள் அடுப்போரம் நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

"பத்து நிமிஷ வேலை, யோகன். ஐயர் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லு. பெட்டியை நெருப்புக்குள்ளை அனுப்புற பட்டனை அமத்து. மனசுக்குள்ளை உன்ரை கடவுளைக் கும்பிடு. ஆருக்குத் தெரியப்போகுது?"

கெட்டித்தனமாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு!

"எனக்குத் தெரியுமே, மாமா."

குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினான். பிறகு சொன்னான்: "அப்பா உதுகளை முழுசா நம்பினவர். ஐயர் ஒரு மந்திரத்தை விழுங்கினாலும் கண்டுபிடிச்சுக் கோவிப்பார். அந்த மனிசனுக்கு முன்னாலை நான் நடிக்கிறதோ? பொய்யாச் செய்தால் அது எப்பிடி அவருக்குப் போய்ச் சேரும்?"

"அப்ப... போய்ச் சேருமெண்டு நீயும் நம்புறாயோ?"

"இல்லை. ஆனா அவர் நம்பினவர். அதுக்குத்தான் சொல்லுறன்."



முன் அறையிலிருந்து தாயின் குரல் வந்தது. "மருந்து குடுத்தாய், சோறு போட்டாய்... எல்லாம் செய்துபோட்டுக் கடைசியிலை மனிசனை அநாதையா அனுப்பப் போறாய்."

யோகன் ஓடிப்போய்த் தாயின் காலடியில் இருந்தான். "அம்மா, குளிப்பாட்டுறன். பெட்டி தூக்குறன். உந்த ஒண்டு மட்டும் ஏலாதம்மா."

அவ காலை இழுத்துக்கொண்டா. "என்னைத் தொடாதை."

சனிக்கிழமை தகனசாலையில் செத்தவீடு. சேகர் வேட்டி கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் செய்தான். பெட்டி தூக்கும் நேரம் யோகன் முன்னால் வந்தான். "சைவத்தை விட்ட வேதக்காரன் தூக்கப்படாது" என்றார் ஒருவர். வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். யோகன் பின்வாங்கிக் கதவோரம் போய் நின்றான். பெட்டி உள்ளே நகர்ந்தபோது அவன் சத்தம் போட்டு அழுதான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வெளியே, தகனசாலைச் சுவரோடு நின்று சேகர் சிகரெட் பற்றவைத்தான்.

"நல்லாச் செய்தாய்" என்றேன்.

"உண்மையைச் சொன்னால் மாமா, எனக்கு உதொண்டிலையும் நம்பிக்கை இல்லை. கடவுளும் இல்லை, ஒண்டுமில்லை. செத்தால் சாம்பல். அம்மா இருக்கிறா, சனம் இருக்குது... செய்தாச்சு."

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றவளின் மனம் ஆறட்டும் என்றுதானே செய்தான்? அதுவும் ஒரு பாசம்தானே? ஆனால் பொன்னுத்துரையின் நம்பிக்கையை நம்பிக்கையாகவே மதித்தவன் யார்? அவனைத்தானே கதவோரம் நிறுத்தினோம்!

தாய் சேகரின் காரில் ஏறினா. இனி நோர்பரியில்தான் இருப்பாவாம். யோகன் ஓடிவந்து அவவின் மருந்துப் பையைக் கண்ணாடி வழியே நீட்டினான். "இரவுக் குளிசை மேலை கிடக்கு, அம்மா."

பையை வாங்கினா. நிமிர்ந்து பார்க்கவில்லை. கார் போய்விட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வரச்சொல்லி நேற்று சேகர் போன் எடுத்தான். தமையனைக் கூப்பிடவில்லையாம், அம்மா வேண்டாமென்றுவிட்டாவாம்.

நான் போவேன். எதை நம்பிப் போகிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள்...