தனிச் சமையல்

பச்சைத் தேயிலை விலை விழுந்து குன்னூர்ப் பக்கம் முழுக்க எல்லோரும் தலையில் கை வைத்திருந்த வருடங்களில், எங்கள் வீட்டில் மட்டும் பெரிதாக எதுவும் மாறவில்லை. கணவருக்கு வெலிங்டனில் ராணுவத்தில் சிவிலியன் வேலை. இருந்த பணத்தைத் தேயிலையில் போடாமல், என் நகைகளையும் விற்று, எங்கள் வீட்டுக்குக் கீழே சரிவில் நான்கு வாடகை வீடுகள் கட்டியிருந்தோம். தோட்டம் வாங்கியவர்கள் எங்களைப் புத்திசாலிகள் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பத்தாவது வரை படித்திருக்கிறேன், ஆனால் நாலு பேர் முன்னால் பேச வராது. வாடகை ஏற்றுவதைக்கூடத் துண்டுச் சீட்டில் எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்துவிடுவேன். முகத்துக்கு நேரே யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. அதை என் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது வீட்டுக்கு சேரம்பாடிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த அம்மாக்காரி சிறு வயதில் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவள். வேலை பார்த்த எஸ்டேட் மூடிப் போனதால், எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டை விட்டு வந்திருந்தார்கள். இங்கே இரண்டு பேரும் தினக்கூலிக்குப் போனார்கள். அவள் என்னைவிட மூத்தவள்தான், ஆனாலும் என்னை அக்கா என்றே கூப்பிடுவாள்.

ரேஷன் கார்டை இந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாதாமாதம் பழைய ஊருக்குப் பஸ் ஏறினால் இரண்டு நாள் கூலி போய்விடும். கடை அரிசி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அந்தப் பிள்ளைகள் வெறும் டீயைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவதை நானே பார்த்திருக்கிறேன். அதற்கென்ன, மாற்றிக்கொள்ளுங்கள் என்று வீட்டு வரி ரசீதின் நகலையும் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரம்மா, அவரும் வீடு வாடகைக்கு விடுகிறவர், என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, உங்க கதவு நம்பர்ல கார்டு வாங்கிட்டாங்கன்னா அப்பறம் எப்படிக் கெளப்புவீங்க? நகைய வித்துக் கட்டுன ஊடுங்க."

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளிடம் போய், வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கார்டைப் பற்றி அவள் கேட்டபோதெல்லாம் வந்துவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைநாளில் கார்டு விசாரணைக்குத் தாலுகா ஆபீஸ் அலுவலர் வந்தார். வீடு எங்களுடையது என்பதால் நேராக என் வாசலுக்கே வந்தார். தனிச் சமையல் இருந்தால்தான் தனிக் கார்டு. மூன்றாவது வீட்டில் இருப்பவர்கள் தனியாகச் சமைக்கிறார்களா என்று கேட்டார். கீழே அவள் வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது.

"இல்லைங்க. அவங்க எங்க சொந்தக்காரங்க, வந்துட்டுப் போவாங்க. சமையல் எங்க ஊட்லதானுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். மழையால் அன்று அவளுக்கு வேலை இல்லை. ஆள் வந்ததைப் பார்த்துப் படியேறி வந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

"அப்படியாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. வாய் தவறிச் சொல்லிவிட்டேனோ, திருத்திச் சொல்வேனோ என்று காத்திருப்பதுபோல் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாங்க. அக்கா சொல்றது சரிதான்."

இல்லை என்று சொன்னால் இந்த வீடும் போய்விடும். ஏற்கெனவே ஒரு வீட்டைப் பறிகொடுத்து வந்தவள். அலுவலர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அவள் மட்டும் நின்றாள்.

"வேணாம்னு எங்கிட்டயே சொல்லியிருந்தா நா கேட்டே இருக்க மாட்டேனே அக்கா."

மழையில் நனையாமல் உள்ளே போங்கள் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் தாலுகா ஆபீஸ் வரை போனேன். கவுண்டரில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் காதில் விழ எப்படிச் சொல்வது என்று திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு பாத்திரம் நிறைய அரிசியை அவளுடைய பெரிய பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். அம்மாக்காரி அதை வாங்கிக்கொண்டாள். திருப்பி அனுப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறு வருடம் அவர்கள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். சாவியை அவளே வந்து என் கையில் கொடுத்தாள். வீட்டைக் கழுவிவிட்டுப் போயிருந்தாள்.

பத்து நாளில் அவளோடு கூலிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் வீடு கேட்டு வந்தாள்.

"முன்னாடி இங்க இருந்த அக்காதான், ஊட்டுக்காரம்மா தங்கமானவங்க, ஒரு வார்த்தை அதட்ட மாட்டாங்கன்னு சொல்லுச்சுங்க. கார்டு மட்டும் கேக்காதேன்னுச்சு. எங்களுக்குக் கார்டெல்லாம் வேண்டாங்க."

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி யாருக்கும் நான் வாய் திறந்து மறுக்க வேண்டியதில்லை. உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து கொடுத்தேன்.