அவர் பம்பை நிறுத்தியிருந்தார்

செல்வராஜ் அண்ணனின் கை வெந்ததற்குக் காரணம் நான். அவருடைய மறதி அல்ல. அதை மறதி என்று ஆக்கியவனும் நானே!

மூன்று வருடங்களாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது... அதனால்தான் சொல்ல வருகிறது போலும்.

ஆலைகளில் இயந்திரங்களை இயக்கும் தொடுதிரைகளை இணையத்தோடு இணைத்துக் கொடுப்பது என் தொழில். மைசூர் தொழிற்பேட்டையில் ஒரு மாம்பழக்கூழ் ஆலை. சூடான கூழைக் குழாய்களில் தள்ளும் பம்புகளுக்கு ஒரு திரை உண்டு. அந்தத் திரை வருவதற்கு முன்பிருந்தே பம்புகளைக் கவனித்து வந்தவர் செல்வராஜ் அண்ணன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரத்துக்காரர். நான் பக்கத்து ஹனூர் என்று தெரிந்த அன்றே தன் டிபன் டப்பாவில் பாதியை எனக்குத் தந்தவர்.

வெளியிலிருந்து திரையைப் பார்க்க மட்டும் வழி செய்தால் போதும் என்பது ஆலைப் பொறியாளரின் உத்தரவு. பார்க்கலாம், இயக்கக் கூடாது. அப்படியே செய்தேன்... என் ஒருவனுடைய கடவுச்சொல்லைத் தவிர. சோதனைக்காக எனக்கு நானே திறந்து வைத்த வழி அது. வேலை முடிந்ததும் அடைத்திருக்க வேண்டும். ஏன் அடைக்கவில்லை?

சோம்பல் என்று சொன்னால் பொய். பிரமிப்பு!

சோதனை நாளில் என் வீட்டு மாடியில் நின்று கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தொட்டேன். மனைவியின் கைப்பேசியில் செல்வராஜ் அண்ணன் இணைப்பில் இருந்தார். "ஓடுதுங்க தம்பி! யாரும் தொடலீங்க, தானா ஓடுதுங்க!" என்று கூவினார். அவர் குரலுக்குப் பின்னால் பம்பின் உறுமல். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணுக்கெட்டாத இடத்தில் அத்தனை கனமான இரும்பு என் விரலுக்குக் கீழ்ப்படிகிறது... கோவிலில்கூட நான் அப்படி நின்றதில்லை. அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்த மே மாதம் ஹனூரில் என் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா என் வேலையைப் பற்றிக் கேட்டார். கைப்பேசியில் ஆலையின் திரையைத் திறந்து காட்டினேன். கூழின் சூடும் தொட்டியின் மட்டமும் மாறிக்கொண்டே இருந்தன.

"இதெல்லாம் இப்ப மைசூர்ல நடக்கறதுங்களா?"

"பாக்கறது மட்டுமில்லீங்க மாமா, இங்கிருந்தே ஓட்டலாமுங்க."

மூன்றாவது பம்ப் நின்றிருந்தது. ஏன் நிற்கிறது என்று ஒரு கணம் யோசித்தேனா? இல்லை! தொட்டேன். அது பச்சையானது. "அடேங்கப்பா!" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். ஐந்து விநாடி. நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வடிகட்டியில் நார் அடைத்திருந்ததால் பம்பை நிறுத்திவிட்டு, அதன் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டிருந்தார் செல்வராஜ் அண்ணன். அந்த ஐந்து விநாடியில் சூடான கூழ் பீய்ச்சி அடித்து, அவருடைய வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

மறுநாள் பொறியாளர் என்னை அழைத்தார். நிறுத்திவிட்டுத்தான் திறந்தேன் என்று செல்வராஜ் சொல்கிறார், இயந்திரத்தின் பதிவைப் பார்த்துச் சொல் என்றார். என்னிடமே!

பதிவில் எல்லாம் இருந்தது. அவர் நிறுத்திய நேரம். வெளியிலிருந்து இயக்கிய நேரம். என் பெயர். நான் அந்த வரிகளை அழித்தேன். என் வழியையும் அன்றே அடைத்தேன்.

பத்து நாள் கழித்து விசாரணை. கட்டுப்போட்ட கையோடு எனக்கு எதிரே அமர்ந்திருந்தார் அவர். "லாக் ஏனு ஹேளுத்தே?" பதிவு என்ன சொல்கிறது என்று கன்னடத்தில் கேட்டார் பொறியாளர். பம்பை நிறுத்தியதாகப் பதிவில்லை என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்கு அந்த மொழி வசதியாக இருந்தது.

"நிறுத்துனனுங்களே..." என்றார் அவர். கட்டைப் பார்த்துக்கொண்டே, "நிறுத்துன மாதிரிதானுங்க இருந்துச்சு..." என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பியே பாத்துட்டுச் சொல்லுது. நாந்தான் மறந்துட்டனாட்ட இருக்குதுங்க" என்றார்.

தன் கை செய்ததைவிட என் வாய் சொன்னதை ஒரு மனிதர் நம்பினார்! தொலைவிலிருந்து இரும்பை அசைத்தபோது நான் அடைந்த வியப்பு இதன் முன் எம்மாத்திரம்? அந்த அறையில் என்னைப் பார்த்தே எனக்குப் பயம் வந்தது. அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை.

அவரைப் பம்புகளிடமிருந்து பிரித்துக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்கு மாற்றினார்கள். கை ஆறிவிட்டது. ஆனால் அவர் பேத்தியைப் பைக்கில் ஏற்றுவதில்லை என்றும், வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறார் என்றும் அவர் மனைவி சொன்னார். "பெரிய டாக்டரா பாத்துக் காட்டோணும் தம்பி, நீங்க கூட வாங்க" என்று என்னையே கூப்பிட்டார்.

போன மாதம் போனோம். மருத்துவர் கிழமை கேட்டார், கணக்குக் கேட்டார், ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். அண்ணன் ஒன்றுகூடத் தவறவில்லை. நினைவில் எந்தக் குறையும் இல்லை என்று மருத்துவர் சிரித்தார். அண்ணனின் மனைவி அழுதுவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் என் தோளைத் தொட்டார். "டாக்டரு நம்ம மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாருங்க. மெஷினு பொய் சொல்லாதுங்கல்ல தம்பி?"

சொல்லியிருக்கலாம். அந்தக் கணத்திலாவது... நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

"சொல்லாதுங்கண்ணா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு மின்தூக்கியின் முன் போய் நின்றார். தழும்பேறிய கையால் பொத்தானை அழுத்தினார். அதில் விளக்கும் எரிந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அமுத்துனேன்தானுங்களே தம்பி?"