நடு அறை நிலையில் இருந்த சன்னம்

எங்கள் வீட்டு நடு அறையின் வாசல்நிலையில் ஒரு சன்னம் இருந்தது. துவக்குச் சன்னம், சுட்ட குண்டு. எங்கள் ஊர் சல்லியில் இதைச் சொன்னால் ஒருவரும் ஆச்சரியப்படமாட்டார்கள். சுவரில், தென்னையில், தண்ணீர்த் தாங்கியில் என்று எல்லா வளவிலும் ஏதோ ஒன்று ஏறியிருந்த காலம் அது. மற்றவர்கள் பூசி மறைத்துவிட்டார்கள். நான் விடவில்லை. பெயின்ற் அடிக்க வருகிறவர்களிடம் என் முதல் கதையே அதுதான்: "அந்த நிலையில கை வைச்சா, அடிச்ச பெயின்றையும் சுரண்டிக்கொண்டு போகவேண்டி வரும், சொல்லிப்போட்டன்."

அந்தச் சன்னம் அப்பாவின் நெஞ்சைத் துளைத்துக்கொண்டு வந்தது. றோட்டில் வெடிச் சத்தம் கேட்டு முன்கதவைச் சாத்தப் போனவர் கதவடியிலேயே விழுந்தார். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்றேன். தம்பிக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில்லை. அறை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சன்னம் அவன் தலைக்கு ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. யார் சுட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்கிற துணிவும் எங்களுக்கு இருக்கவில்லை. பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்தா. மிச்சம் நானும் அவனும்தான்.

அந்தத் தம்பி இப்போது கனடாவில். போன வருசம் வீடியோ கோலில், "அக்கா, ஒரு சாமான் காட்டுறன்" என்று கராஜுக்குள் போனான். புதுக் கார் வாங்கியிருக்கிறான் என்று நினைத்தேன். மேசை நிறையப் பித்தளைக் கோதுகள். சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கோதுகளைப் பொறுக்கி வந்து, திரும்ப வெடிமருந்து நிரப்பி, தானே ஈயம் உருக்கி வார்த்த குண்டை வைத்து அழுத்துவானாம். லைசன்ஸ் இருக்காம். சனி ஞாயிறில் அதற்கென்று உள்ள இடத்துக்குப் போய்க் கடதாசி மட்டையைச் சுடுவானாம். ஆட்கள் குரோட்டன் வளர்க்கிற மாதிரி அங்கே இதுவும் ஒரு பொழுதுபோக்காம். ஒரு குண்டை விரல் நுனியில் வைத்து, "எவ்வளவு வடிவு, பாருங்கோ" என்றான்.

எனக்கு உச்சியில் இருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

"அடேய், உனக்கென்ன விசரே? அப்பாவைத் திண்ட சாமானை நீ குந்தியிருந்து வார்க்கிறியா? இனி எனக்குக் கோல் எடுக்காத!"

அவன் எடுக்கவில்லை. ரோசத்தில் எங்கள் குடும்பத்தை அடிக்க ஆளில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைப்பேன். இருக்கிற ஒரேயொரு கூடப்பிறப்பும் இப்படியே அற்றுப்போய்விடுமோ என்று பயம்.

இந்த முறை அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். "வாங்கோ" என்றேன். பெற்ற பிள்ளைபோல வளர்த்த தம்பியை "வாங்கோ" என்றேன் என்றால் கோபம் எவ்வளவு என்று விளங்கும். சாப்பாடு போட்டேன். முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

அவன் போய் ஒட்டிக்கொண்டது என் கணவரோடு. இவர் ஹாபரில் வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். பொழுது போக வீச்சுவலை கட்டுவார். வலையின் அடியில் கோக்கும் ஈய மணிகளையும் தானே வார்ப்பார். குசினிக்குப் பின்னால் மூன்று கல், சிரட்டை நெருப்பு, பிடி உடைந்த என் பழைய தாச்சிச் சட்டி. டயர் கடையில் கழித்துவிட்ட ஈயத் துண்டுகள்தான் சரக்கு.

அன்று காலை ஈயம் உருகி மினுங்கிக்கொண்டிருந்தது. தம்பி ஒரு மெழுகுதிரித் துண்டைப் போட்டுக் கிளறி, மேலே வந்த கசட்டை வழித்தான்.

"அட, மச்சானுக்கும் இது கைவந்த வேலைதான்!" என்று இவருக்குச் சந்தோசத்தில் புளுகம் பொங்கியது. அந்தப் புளுகத்தில் மனுசன் என்ன செய்தார்? பழைய வலையில் இருந்து வெட்டிய மணிகளை, களப்புத் தண்ணீர் காயாமலே, அப்படியே அள்ளித் தாச்சிக்கு மேலே கொண்டுபோனார்.

"அத்தான், ஈரம்!" தம்பி அவர் கையைத் தட்டிவிட்டான். மணிகள் மண்ணில் சிதறின. ஒன்று மட்டும் உள்ளே விழுந்தது. படாரென்று தாச்சிக்குள் இருந்த ஈயம் வெடித்துச் சிதறியது. இவர் முகத்துக்கு வந்த ஈயத்தைத் தம்பியின் கை வாங்கியது.

நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பைப்புக்குக் கீழே பிடித்தேன். வாய் சும்மா இருக்குமா? "அறுவானே, உனக்கு ஏதும் நடந்தா எனக்கு ஆர் இருக்கினம்?" என்று கத்தினேன்.

தண்ணீர் ஓட ஓட அவன் மெல்லச் சொன்னான். "அக்கா, அண்டைக்கு அந்தச் சன்னத்துக்குக் கீழ நிண்டது நான். அப்பா விழுந்ததை நான் பாக்கேல்ல. என்ட தலைக்கு மேல டக்கெண்டு ஒரு சத்தம். அவ்வளவுதான். அவ்வளவு பெரிய மனுசனை இத்தினூண்டு சாமான் எப்பிடி விழுத்தினது எண்டு எனக்கு விளங்கவேயில்ல. கையில எடுத்து, உருக்கி, நானே வார்த்துப் பாத்தாப் பயம் போகும் எண்டு நினைச்சனான்."

"போச்சுதா?"

"இல்ல. ஆனா வார்க்கேக்க கை நடுங்கிறேல்ல."

இத்தனை வருசமாக அந்தச் சன்னத்தை அப்பாவுடையது என்றே வைத்திருந்தேன். அது இவனையும் விடவில்லை என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மருந்து பூசிக் கையைக் கட்டிவிட்டு, "போய் உளியை எடுத்துக்கொண்டு வா" என்றேன்.

இவர் உளியைப் பிடிக்க, தம்பி நல்ல கையால் தட்டித் தட்டி நிலையில் இருந்த சன்னத்தை எடுத்தான். அதன் மூக்குச் சப்பையாகியிருந்தது. மேலே இருந்த செம்புத் தோலை இரும்பறுக்கிற வாளால் கீறி, நெருப்புப் பக்கத்தில் நன்றாகக் காயவைத்துத்தான் தாச்சிக்குள் விட்டான். உள்ளே இருந்த ஈயம் உருகி மற்ற ஈயத்தோடு சேர்ந்தது. தோல் மட்டும் மிதந்தது. அதைக் குறட்டால் எடுத்து எறிந்தான்.

முதல் மணி சுருக்கம் விழுந்து சொத்தையாக வந்தது. அச்சுச் சூடேறும்வரை எப்போதும் அப்படித்தான்; அதைத் திரும்பத் தாச்சிக்குள் போட்டுவிடுவார்கள். இவர் அதைக் குறட்டில் பிடித்தபடி நின்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இதை எடுத்து வைக்கப்போகிறேனா என்று கேட்கிற பார்வை.

"என்ன பாக்கிறியள்? போடுங்கோ" என்றேன்.

பிறகு வந்த மணிகள் எல்லாம் ஒரே மாதிரி மினுங்கின. எதற்குள் அந்த ஈயம் இருக்கிறதென்று இனி ஒருவருக்கும் தெரியாது. குசினிக்குள் போய் வாய்விட்டு அழுதேன்.

தம்பி கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்று பையைத் தூக்கிக்கொண்டு நடு அறை வாசலில் வந்து நின்றான். நிலையில் ஓட்டை அப்படியே இருக்கிறது. அடைக்க நான் விடவில்லை. சின்னனில் அவன் தலைக்கு மேலே இருந்தது இப்போது அவன் நெஞ்சுக்கு நேரே இருந்தது. அவன் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன்.

"போய் இறங்கினவுடன கோல் எடு."

"எடுக்காத எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான்தான். இப்ப எடு எண்டு சொல்லுறன். அந்தக் கராஜை மட்டும் காட்டாத, என்னால பாக்க ஏலாது. கமராவை உன்ட முகத்துக்கு நேர பிடிச்சுக்கொண்டு கதை."