பெயிண்ட் புள்ளியும் பென்சில் கோடும்

எண்பதுகளின் பிற்பகுதி. கெலமங்கலம் பக்கத்து கிரானைட் குவாரியில் நான் ஜியாலஜிஸ்ட். அடுத்தடுத்து இரண்டு பெரிய பிளாக்குகள் வெட்டி எடுக்கும்போதே பிளந்துவிட்டன. பாறைக்குள் மறைந்திருந்த ஒரு விரிசல்தான் காரணம். துளை போட்டுப் பார்த்து, அது எப்படிப் போகிறது என்று மாடல் செய்து காட்டுவது என் வேலை. "மூணாவதும் போச்சுன்னா குவாரிய மூடிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று முதலாளி கோவிந்தப்பா சொல்லியிருந்தார்.

மூன்றாவது பிளாக்கை மறுநாள் வெட்டத் தொடங்க வேண்டும். வாங்குபவருக்கு நாள் சொல்லியாகிவிட்டது. அன்று காலை ஃபோர்மன் ஷபீர் பாய், புதிதாகத் துளைத்த போர்க்குழியில் எடுத்த கல் உருளைகளை என் மேஜைமேல் வைத்தார்.

"ஸ்டெல்லாம்மா, நீங்க போட்ட கோட்டுக்கு ரொம்ப மேலயே விரிசல் வந்துடுச்சு. பாறைக்கு உங்க மாடலைக் காட்டலீங்களா?"

முதலாளி தலையில் கை வைத்தார். "போன தடவ அட்டை மாடலை மாத்தவே ஒரு வாரம் ஆச்சு. இப்ப எங்கம்மா போறது?"

அட்டை மாடலில் எல்லாம் ஒட்டியிருக்கும். ஓரிடம் மாறினால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். அது முடிவதற்குள் வெட்டே முடிந்துவிடும். இரண்டு பிளாக்குகளும் அப்படிப் போனவைதான். அதனால் இம்முறை கண்ணாடியில் செய்திருந்தேன். பாறையைச் செங்குத்தாக வரிசையாக நறுக்கினால் ஒவ்வொரு நறுக்கிலும் என்ன தெரியுமோ, அதை ஒவ்வொரு கண்ணாடியில் வரைந்து, மரச்சட்டத்தின் காடிகளில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினேன். எதிரே நின்று பார்த்தால் விரிசல் முழுதும் பாறைக்குள் மிதப்பதுபோல் தெரியும். எந்தக் கண்ணாடியையும் தனியே உருவலாம்.

வரைவதற்கு ஒரு விதியும் வைத்திருந்தேன். போரில் கண்டது எனாமல் பெயிண்டில். இரண்டு போர்களுக்கு இடையே ஊகிப்பது மெழுகுப் பென்சிலில். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டருக்கு மாறியபோதும் இந்த விதியை நான் மாற்றவில்லை.

புதிய போர் விழுந்த கண்ணாடியையும் அதன் இருபுறக் கண்ணாடிகளையும் மட்டும் உருவினேன். புதுப் புள்ளியைப் பெயிண்டில் வைத்தேன். அதைச் சுற்றியிருந்த பென்சில் கோடுகளைத் துணியால் துடைத்து மறுபடி வரைந்தேன். மற்ற இடங்களில் பழைய போர்கள் கோட்டைப் பிடித்து நிறுத்தியிருந்தன, அவற்றைத் தொடவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன் கண்ணாடிகள் காடிக்குத் திரும்பின. முதலாளி குனிந்து பார்த்தார். மேற்கே விரிசல் மேல்நோக்கி வளைந்து, வெட்டவிருந்த பிளாக்கின் நடுவே புகுந்திருந்தது.

"கிழக்கே தள்ளி வெட்டினா?"

"முழுசா வரும்ங்க."

"பாய், நீ என்ன சொல்றே?"

"உடைஞ்ச கல்லை ரெண்டு தடவ அள்ளியாச்சுங்க. அதுக்கு, வெட்டுறதுக்காகப் பாறைமேல போட்ட சுண்ணாம்புக் கோட்டை அழிச்சுப் போடறது எவ்வளவோ மேல்."

கிழக்கே தள்ளி வெட்டினோம். பிளாக் முழுதாக வெளியே வந்ததும் பாய் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டினார். எங்கும் ஒரே கணீர். மேற்கே விட்ட பாறையை ஆப்பு வைத்துப் பிளந்தபோது, நான் வரைந்த அதே சாய்வில் விரிசல் தெரிந்தது. அந்த மூன்று கண்ணாடிகளைப் பற்றி எனக்கு இன்றும் பெருமைதான்.

முதலாளி தானே பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அந்தக் கோடு பூராவையும் பெயிண்ட்ல போட்டுடும்மா. இனி யாரும் அழிக்கக் கூடாது."

பிளந்த இடத்தில் கண்ணால் கண்ட நீளத்துக்கு மட்டும் போட்டுவிட்டு, டப்பாவை மூடினேன்.

"மீதி?"

"மீதிய இன்னும் யாரும் பாக்கலைங்க."