நான் ரேடியோவாக இருந்த காலம்

போன வாரம் என் பேத்தி போனை மூக்குக்கு நேராக நீட்டினாள். அதில் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். நல்ல புடவை, அளவான பொட்டு, ஒரு முடிகூடக் கலையவில்லை. "தாத்தா, இது மனுசி இல்ல, கம்ப்யூட்டரு. அச்சு அசலா மனுசி மாதிரியே பேசுது பாரு" என்றாள். நான் "ம்" என்றேன். வாயைப் பிளப்பேன் என்று எதிர்பார்த்தவளுக்கு ஏமாற்றம். தாத்தாவுக்கு ஒன்றும் புரியாது என்று அம்மாவிடம் தெலுங்கில் புகார் சொல்லப் போய்விட்டாள்.

புரியாமல் என்ன? மிஷின் மனிதனைப் போலப் பேசுவது இன்றைக்கு உலக அதிசயம் என்றால், ஒரு மனிதன் ஐந்து மாதம் மிஷினைப் போலப் பேசியதையும் அதில் சேர்க்க வேண்டும். அந்த மனிதன் நான்தான். அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்காது, போனை நீட்டப் பேத்தியும் இருந்திருக்க மாட்டாள்.

எங்கள் ஊர் புத்தூருக்கும் கார்வேட்டிநகரத்துக்கும் இடையில் இருக்கிறது. ஆந்திரா தனி மாநிலமான வருஷம், நாற்று நட்டபோது நாங்கள் மெட்ராஸ்காரர்கள், அறுத்தபோது ஆந்திராக்காரர்கள். யாரும் எங்களைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எல்லையைச் சரிசெய்கிறோம் என்று இரண்டு பக்கத்துத் தலைவர்களும் வருஷக்கணக்கில் பேசினார்கள். திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று மேடைக்கு மேடை தொண்டை கிழிந்தது. திருப்பதி பெருமாள் மட்டும் இரண்டு பக்கத்துத் தலைமுடியையும் ஒரே கூடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்தச் சண்டையில் நிதானமாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

பிரிவதற்கு முன்பே மெட்ராஸ் சர்க்கார் எங்கள் பஞ்சாயத்துக்கு ஒரு ரேடியோ கொடுத்திருந்தது. ஊரில் கரண்ட் இல்லை, அதனால் செங்கல் கனத்தில் ஒரு பேட்டரி போட்டு ஓடும். ஊரார் திருகிக் கெடுத்துவிடக் கூடாது என்று முள்ளை மெட்ராஸ் ஸ்டேஷனில் நிறுத்தி அரக்கு வைத்திருந்தார்கள். பஞ்சாயத்து அறைக்குள் பூட்டி வைத்த ரேடியோ ஜன்னல் வழியாகப் பேசும், ஊர் வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்து கேட்கும். சாவி என்னிடம். எட்டாவது படித்துவிட்டு உத்தியோகம் எதுவும் கிடைக்காமல் நைனாவோடு நிலத்தில் இறங்கிவிட்ட எனக்கு, உலகத்தில் இருந்த ஒரே பெருமை அந்தச் சாவிதான்.

அதைப் பார்த்துத்தான் என் மாமனார் மயங்கினார். அப்போது இன்னும் மாமனார் ஆகவில்லை. திருத்தணிப் பக்கத்து ஊர்க்காரர், தூரத்து உறவு. வாராவாரம் எங்கள் சந்தைக்கு வருபவர், செய்தி கேட்டுவிட்டுத்தான் கடைசி பஸ் ஏறுவார். விஞ்ஞானத்தில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "பேப்பரு மனுசன் எழுதறது, அதுல பொய் இருக்கும். ரேடியோ மிஷினு. மிஷினுக்கு எங்கப்பா பொய் சொல்லத் தெரியும்?" என்பார். போனில் வருவதையெல்லாம் நம்பிக்கொண்டு திரிகிற படித்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

பெண் பார்க்கப் போனோம். காபி கொண்டுவந்தவளின் தட்டுக்கு அடியில் அன்றைய பேப்பர் மடித்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டு வாத்தியார் வாங்கும் பேப்பரை அவள் தினமும் ஒரு எழுத்து விடாமல் படித்துவிடுவாளாம். அப்பாவுக்கு மட்டும் படித்துச் சொல்ல மாட்டாள், அவர்தான் பேப்பரை நம்புவதில்லையே. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மறைக்க என்ன இருக்கிறது, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அவள் அப்பா ஒரு கொக்கி போட்டார். "பையன் நல்ல பையன்தான். ஊரு எந்தப் பக்கம்னு தீரட்டும். எங்க தாலுக்கா மெட்ராசுக்குப் போவுதுன்னு பேசிக்கிறாங்க. உங்க ஊரும் கூட வந்தா பொண்ணு குடுக்கறேன். ஆந்திராவுல நின்னுட்டா, தெலுங்குல வர்ற சம்மனை என் பொண்ணு எப்படிப் படிப்பா?"

"கல்யாணம் ஆனதும் சம்மன் வருமா?" என்றார் என் நைனா.

"நெலம் இருக்கற குடும்பத்துல சம்மன் வராம இருக்குமா?"

நைனா காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்போதே சித்தூர் கோர்ட்டில் எங்களுக்கு ஒரு வரப்புத் தகராறு நடந்துகொண்டிருந்தது. ஆக, என் கல்யாணம் முகம் தெரியாத ஒரு எல்லை நடுவர் கையில் போய்ச் சேர்ந்தது.

இந்த லட்சணத்தில் ரேடியோ பேட்டரி தீர்ந்துவிட்டது. சித்தூருக்கு மனு எழுதினேன். மெட்ராஸ் கொடுத்த ரேடியோ, மெட்ராஸைக் கேள் என்று பதில் வந்தது. மெட்ராஸுக்கு எழுதினேன். நீங்கள் இப்போது ஆந்திரா, அங்கே கேள் என்று பதில் வந்தது. இரண்டு சர்க்காரும் ஒத்துப்போன ஒரே விஷயம் என் பேட்டரிதான்.

சந்தை நாள் வந்தது. அவர் வழக்கம்போல முதல் வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். ரேடியோ இல்லாத ரேடியோக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வீட்டிலிருந்து எடுத்து வந்த மண்ணெண்ணெய்ப் புனலையும், ஒரு முறத்தில் இரண்டு கை கேழ்வரகையும் ஜன்னலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். முறத்தை மெதுவாக ஆட்டினால் அசல் ரேடியோ இரைச்சல். புத்தூர் பஸ் கண்டக்டர் எனக்கென்று ஒரு நாள் பழைய பேப்பர் கொண்டுவருவார். ஊரில் வேறு யாருக்கும் பேப்பர் கிடையாது. அதைப் பிரித்து, மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, புனலுக்குள் "செய்திகள்" என்றேன். "வாசிப்பது..." என்றதும்தான் பயம் பிடித்தது. நிஜமான வாசிப்பாளர் பெயரைத் திருடக் கூச்சம், என் பெயரைச் சொல்லவும் முடியாது. கேழ்வரகை ஓங்கி ஆட்டினேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கர்ரென்று ஒரு சத்தம் வந்தது.

அன்றைக்குச் செய்தி ரொம்பத் தெளிவாகக் கேட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பாட்டு ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்டார். சர்க்கார் சிக்கனம் பிடிக்கிறது என்றேன். உடனே நம்பிவிட்டார். ஒரு நாளோடு விட்டிருக்கலாம். ஆனால் மறுநாளும் ஊர் வந்து உட்கார்ந்துகொண்டது.

கொஞ்ச நாளில் எனக்குத் துளிர்விட்டுப் போனது. ஐந்தாண்டுத் திட்டத்தை நான் வாசித்தால் அதற்கே ஒரு கம்பீரம் வந்தது. அணுகுண்டு வெடித்துப் பார்ப்பதால்தான் மழை தவறுகிறது என்று ஊரில் ஒரு கட்சி இருந்தது. அவர்கள் ஆறுதலுக்காக, வெடிக்கிறவர்களை என் செய்தியில் மூன்று நாள் நிறுத்தி வைத்தேன். இரண்டாம் நாள் மழை பெய்தது. விஞ்ஞானம் இப்படித்தான் நிரூபணமாகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் அந்த நாய் வந்தது. ரஷ்யாக்காரன் ஒரு பெட்டை நாயை ஆகாசத்துக்கு அனுப்பிவிட்டான். எங்கள் ஊருக்கு ராக்கெட்டின் வேகம், உயரம் ஒன்றும் தேவைப்படவில்லை. "அது துன்றதுக்கு இன்னா வெச்சாங்க?" என்றார்கள். "தண்ணி?" என்றார்கள். "தனியாவா அனுப்பினாங்க, கூட ஒரு ஆளு போகக் கூடாதா?" என்றார்கள். ஆடு மேய்க்கிற ஒரு அம்மா தன் நாயை மடியோடு அணைத்துக்கொண்டு முதல் வரிசைக்கே வந்துவிட்டாள். எந்த விஞ்ஞானியும் அத்தனை நல்ல கேள்விகளைக் கேட்டிருக்க மாட்டான்.

அடுத்தடுத்து வந்த பேப்பரில் விஷயம் இருந்தது. நாய் திரும்பாது. திரும்பிக் கொண்டுவர வழியே செய்யாமல்தான் அனுப்பியிருக்கிறார்கள். புனலை வாயருகே கொண்டுபோனேன். ஜன்னல் இடுக்கில் அந்த அம்மாவும் அவள் நாயும் தெரிந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. முறத்தை ஒருமுறை ஆட்டிவிட்டு, "ஆகாசத்துக்குச் சென்ற நாய் இன்று காலை பத்திரமாகத் தரையிறங்கியது. இறங்கியதும் பாலும் ரொட்டியும் சாப்பிட்டது" என்று வாசித்தேன். வெளியே கைதட்டல் அடங்க நேரமானது. யாரோ பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். மாமனாராகப் போகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மார்கழி முடியும்போது எல்லைச் செய்தியும் வந்தது. பேப்பரில் பொடி எழுத்தில் ஊர்ப் பட்டியல். எந்தெந்த ஊரை மெட்ராஸோடு சேர்க்கலாம் என்ற நடுவரின் யோசனை. அவர்கள் ஊர் இருந்தது. எங்கள் ஊரை மூன்று முறை தேடினேன், இல்லை. அது சந்தை நாள். அவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். உண்மையை வாசித்தால் இன்றோடு அவள் இல்லை. பொய் வாசித்தால் ஒரு ஊரையே தூக்கி மெட்ராஸில் வைத்த குற்றம். அந்த அறையில் நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பெருமாளுக்கு ஒரு மொட்டை நேர்ந்துகொண்டேன்.

பெருமாள் வழிகாட்டினாரோ, பேட்டரி கேட்டு நான் வாங்கிய பதில்களே பாடம் சொன்னதோ, சர்க்கார் பாஷை நாக்கில் வந்து நின்றது. "இந்தப் பகுதி மக்களின் கோரிக்கை கனிவோடு பரிசீலிக்கப்பட்டு வருகிறது" என்று வாசித்தேன். இதில் பொய் எங்கே என்று இன்றைக்கும் யாரும் காட்ட முடியாது. உண்மை எங்கே என்றும் காட்ட முடியாது. அரசியல் எவ்வளவு வசதியான தொழில் என்று புரிந்தது.

அவருக்கு அது போதும். "கனிவோடன்னு மிஷினே சொல்லிடுச்சு. அப்புறம் இன்னா?" என்று என் நைனாவிடம் தாம்பூலம் மாற்றிக்கொண்டார். தை மாதமே கல்யாணம். அந்தப் பங்குனியில், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஊருக்கு அறிவித்தேன். அது உண்மைதான், கொஞ்சம் தாமதமான உண்மை.

இரண்டு வருஷம் கழித்து முறைப்படி கோடு போட்டார்கள். மாமனார் ஊர் மெட்ராஸ், நாங்கள் ஆந்திரா. அவர் குதிகுதியென்று குதித்துக்கொண்டு வந்தார். ஆனால் அதற்குள் மடியில் உட்காரப் பேரன் இருந்தான். அதனால் குரலை உயர்த்த முடியவில்லை. "மிஷின் பொய் சொல்லலப்பா. எவனோ பின்னாடி உக்காந்துகினு அதைப் பேச வெச்சிருக்கான். அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்" என்றார். நான் அவருக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம்தான் மகனோடு திருப்பதி போனோம். அவனுக்கு முதல் மொட்டை, எனக்கு வேண்டுதல் மொட்டை. இரண்டு தலையிலும் சந்தனம் தடவிவிட்டு என் மனைவி கேட்டாள்: "கொழந்த முடி சாமிக்கு. உன் முடி யாருக்கு மாமா? அந்த நாய்க்கா?"

"எந்த நாய்?"

"செத்துப்போன நாய்."

எனக்குக் காலுக்கடியில் மலை நகர்ந்தது. வாத்தியார் வீட்டுப் பேப்பரில் நாய்ச் செய்தியை அவள் படித்திருக்கிறாள். ஊர்ப் பட்டியலையும் படித்திருக்கிறாள். அவள் அப்பா வந்து, நாய் பிழைத்தது என்று ரேடியோ சொன்னதாகச் சொன்னபோதே, எந்த ரேடியோ என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"பட்டியல்ல ஊரு இல்லன்னு தெரிஞ்சும் உங்க நைனாகிட்ட ஏன் சொல்லல?"

"அவருதான் பேப்பரை நம்ப மாட்டாரே" என்றாள். பிறகு குழந்தையின் மொட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஒரு நாய் செத்துதுன்னு சொல்ல வாய் வராத ஆளு. அவன்கிட்ட எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு தோணிச்சு. அவ்ளோதான்."

அறுபது வருஷத்துக்கு மேல் அவளுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டேன். தெலுங்குச் சம்மன் இரண்டு முறை வந்தது. எனக்கு முன்னால் அவளே படித்துவிட்டாள். தடாவுக்கு அந்தப் பக்கத்துத் தீவிலிருந்து ராக்கெட் விட ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு முறையும் மொட்டை மாடிக்கு வந்து, கிழக்கே ஏறுகிற வெளிச்சத்தைப் பார்த்து, "உள்ள நாய் இருக்குதா மாமா?" என்பாள். "இல்லை" என்று நான் சொன்ன பிறகுதான் கீழே இறங்குவாள்.

போன வருஷம் அவளைத் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு மிஷினுக்குள் படுக்க வைத்துத் தலை முதல் கால் வரை படம் எடுத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினார். மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று என் மாமனார் சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான் உண்மையாக இருந்தது.

திரும்பி வந்தேன். "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்றாள்.

இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்துக்கொண்டேன். "செய்திகள். வாசிப்பது கர்ர்ர்... நோயாளியின் உடல்நிலை தேறி வருகிறது. வீடு திரும்பும் கோரிக்கை கனிவோடு பரிசீலிக்கப்படுகிறது."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாய் எறங்கி வந்த மாதிரியா மாமா?"

"ஆமா" என்றேன்.

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் தெலுங்கில் திட்டினாள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று ஒருநாள்கூட என்னைக் கேட்கவில்லை. சாயந்திரமானால் மட்டும் என் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "மாமா, நியூஸ் போடு" என்பாள்.